கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தாச்சு, கண் பரிசோதனை முடிஞ்சதா?

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துட்டு, 'கண் செக்கப் முடிஞ்சது'ன்னு நினைக்கிறீங்களா? பாதிதான் முடிஞ்சிருக்கு. எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்பதை மட்டுமே அங்கே பார்க்கிறார்கள். விழித்திரையின் நிலை அதில் தெரியாது.

*இது ஏன் முக்கியம்?*

சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சேதப்படுத்தும். தொடக்கத்தில் வலியும் இருக்காது, பார்வையும் மங்காது. மங்கிய பிறகு போனால், இழந்த பார்வை முழுசா திரும்பும்னு உறுதி இல்லை. அதனால்தான், 2013-ல் பத்மஸ்ரீ பெற்ற டாக்டர் எஸ். நடராஜனின் வடாலா ஆதித்யா ஜோத் கண் மருத்துவமனைக் குழு, தாராவிக்கே போய் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் பரிசோதித்தது.

*நீங்கள் என்ன செய்யணும்?*

உங்களுக்கோ அப்பா அம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்கணும். அதற்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். பைக்கை வீட்டிலேயே வெச்சிட்டுப் போங்க.

சர்க்கரை இல்லையா? 40 வயதில் ஒரு முழுப் பரிசோதனை அவசியம். குடும்பத்தில் கிளாக்கோமா இருந்தால் அதற்கு முன்பே. தாராவிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே சயான் மாநகராட்சி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கு.

திடீர்னு கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி மறைத்தாலோ, அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.