மூன்று தவணைக்குப் பிறகும்

போலியோ சொட்டு மருந்தை மூன்று தவணை கொடுத்தால் போதும் என்று பாடப்புத்தகம் சொன்னது. அமெரிக்காவில் அது சரியாகவும் இருந்தது. வேலூரில் மூன்று தவணையும் முடித்த பிள்ளைகள் சிலருக்கே இளம்பிள்ளை வாதம் வந்தது. இதற்கு யாருக்கும் சட்டென்று ரெண்டு காரணம் தோன்றும்: மருந்து வெயிலில் கெட்டிருக்கும், இல்லை அம்மா பொய் சொல்றாங்க.

வேலூர் சி.எம்.சி.யின் குழந்தை மருத்துவரும் வைரஸ் ஆய்வாளருமான டி. ஜேக்கப் ஜான் இந்த ரெண்டையும் அப்படியே நம்பிவிடவில்லை. குழந்தைகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகிறதா என்று அளந்து பார்த்தார். 1972இல் முடிவு வெளியானது: மூன்று தவணைக்குப் பிறகும் நம் குழந்தைகளில் பலருக்கு எதிர்ப்பாற்றல் வரவில்லை. கூடுதல் தவணைகள் தேவை என்ற வாதம் இப்படித்தான் பிறந்தது.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போது இந்தக் கதை எனக்கு ஒற்றை வரியாகத்தான் வந்து சேர்ந்தது: 'வெப்பமண்டல நாடுகளில் சொட்டு மருந்தின் திறன் குறைவு.' அஞ்சு மார்க் கேள்விக்கு அது போதும். அந்த வரியை ஒருவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

அதைச் சொல்லித்தர ஒரு வழி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979இல் இளநிலை மாணவர்களுக்காக எஸ்.டி.எஸ். திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் ஒரு வழிகாட்டியின் கீழ் இரண்டு மாதம் ஒரு சின்ன ஆய்வைச் செய்து அறிக்கை தர வேண்டும். சான்றிதழுக்காக மட்டும் அதைச் செய்து முடிப்பவர்களும் உண்டு. குறை சொல்லவும் முடியாது, நீட் பி.ஜி. தரவரிசையில் அதற்கு ஒரு மதிப்பெண்கூட கிடையாது.

எனக்கு வாய்த்த வழிகாட்டி ஒரு குழந்தை மருத்துவர். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக் கணக்கெடுக்கும் வேலை. முதல் வாரம் கேள்வித்தாளையே கையில் தரவில்லை, அங்கன்வாடி அக்காவோடு வீடு வீடாக நடக்கவிட்டார். "பாப்பாவுக்கு பேதி வந்துச்சா?" என்று நான் கேட்டால் "இல்லைங்க" என்று பதில் வரும். அக்கா பின்னாலிருந்து, "பல்லு மொளைக்கும்போது போகுமே, அதையும் சேத்துச் சொல்லு தாயி" என்பார். உடனே, "ஆமாக்கா, நாலு நாளு போச்சு!" பல் முளைக்கும்போது போவது பல அம்மாக்களுக்கு நோயே இல்லை. அந்த ஒரு கேள்வியில் எங்கள் கணக்கு மாறிவிட்டது.

இதே வேலை பெரிய அளவில் நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் வேலூரே சாட்சி. 2002இல் தொடங்கி அங்குள்ள குடிசைப் பகுதிகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இரண்டு முறை வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி எடுத்தார்கள். 373 குழந்தைகள் மூன்று ஆண்டுகளை நிறைவு செய்தார்கள். மெக்சிகோவில் 1996இல் வெளியான ஆய்வில், ரோட்டா வைரஸ் இரண்டு முறை தொற்றிய குழந்தைக்கு அதன்பின் கடுமையான பேதி வரவில்லை. வேலூரில் மூன்று தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். 2011இல் இது வெளியானபோது ஜேக்கப் ஜானின் பழைய பாடம் வேறொரு கிருமியின் பெயரில் திரும்பி வந்திருந்தது. வேறு நாட்டுக் குழந்தையின் கணக்கை நம் குழந்தைக்குப் போட முடியாது.

பிறகு வேலூர், புனே, தில்லி மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் இந்திய ரோட்டா தடுப்பு மருந்து சோதிக்கப்பட்டது. கடுமையான ரோட்டா பேதியை அது பாதிக்கு மேல் குறைத்தது. பாதிதானா என்று அதை யாரும் ஒதுக்கிவிடவில்லை. இவ்வளவு குழந்தைகள் பிறக்கும் நாட்டில் பாதி என்பது எத்தனை உயிர்! 2016இல் ரோட்டா தடுப்பு மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.

இரண்டு மாதத்தில் யாரும் ஆய்வாளர் ஆகிவிட முடியாது. ஆனால் பத்தொன்பது வயதில் ஒருமுறையாவது, புத்தகம் சொல்லும் எண் நம் தெருவில் பொருந்துகிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் ஆளை விடாது. நல்லாயிருக்கும் குழந்தையின் மலத்தை எதுக்கு எடுக்கறீங்க என்று கேட்கும் அம்மாவுக்குப் புரியும்படி பதில் சொல்லவும் அந்த வயதிலேயே பழக வேண்டும். மூன்று வருஷம் அலுக்காமல் கதவைத் திறந்துவிட்டது அந்த அம்மாக்கள்தான்.