ஆலைக்கு இரண்டு மூளை

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈ.சி.ஆரில் வடக்கே போனால் கல்பாக்கம். 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமித் தண்ணீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது.

இத்தகைய ஆலைகளுக்கு மூளை இரண்டு. ஒன்று, அன்றாட உற்பத்தியைப் பார்க்கும் வேலைக்காரன். மற்றது, கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து, ஆபத்தென்றால் நிறுத்திவிடும் காவல்காரன். காவல்காரன் சேதி சொல்லலாம். வேலைக்காரன் அவனுக்கு உத்தரவு போடக்கூடாது.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம்தானே என்கிறீர்களா? 2017-ல் ஒரு சவூதி பெட்ரோகெமிக்கல் ஆலையில், காவல்காரன் கம்ப்யூட்டரின் சாவியை 'புரோகிராம்' நிலையிலேயே விட்டிருந்தார்கள். 'ட்ரைட்டன்' என்ற நாசகார மென்பொருள் நேராக உள்ளே போய்விட்டது! நல்லவேளை, உள்ளிருந்த பிராசஸர்களுக்குள் கணக்கு ஒத்துப்போகவில்லை. ஆலையைக் காவல்காரனே நிறுத்திவிட்டான். 2020-ல் இதற்காக ஒரு ரஷ்ய ஆய்வு நிறுவனத்தின் மீது அமெரிக்கா தடை விதித்தது.