பக்கவாத்தியத்துக்கு ஒரு பரீட்சை

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வுக்கு ஜி.சி.எஸ்.இ. என்று பெயர். நம்ம ஊர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இசையையும் ஒரு பாடமாக எடுக்கலாம். ஆனால் பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதாது, பாடியோ வாசித்தோ காட்ட வேண்டும். எடெக்செல், ஏ.க்யூ.ஏ. போன்ற தேர்வு வாரியங்கள் கேட்பது மொத்தம் சில நிமிடம்தான். கொஞ்சம் தனியாக, கொஞ்சம் மற்றவர்களோடு சேர்ந்து.

வயலின் கற்கும் மாணவிக்கு இதில் பெரிய தலைவலி இல்லை. அவளுக்கு முந்நூறு வருடச் சொத்து இருக்கிறது. எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். பியானோ மாணவனுக்கும் அப்படித்தான். பேஸ் கிடார் வாசிக்கிற மாணவன்தான் பாவம்! "தனியாக வாசி" என்றதும் அவன் முழிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவனுடைய வாத்தியம் தனியாக வாசிப்பதற்காகப் பிறந்ததே இல்லை.

பேஸ் கிடார் எது என்று தெரியாதவர்களுக்கு: ஹெட்போனில் ஒரு பாட்டைக் கேட்கும்போது பாடகர் குரலுக்கு அடியில், டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு 'தும்... தும்...' என்று ஒன்று நடந்து போகுமே, அதுதான். நான்கு தந்திகள். எல்லாம் மந்திர ஸ்தாயி. நம் கச்சேரி பாஷையில் சொன்னால் சுத்தமான பக்கவாத்தியம். இந்தப் பக்கவாத்தியம் தேர்வு அறைக்குள் எப்படி நுழைந்தது என்பது ஒரு நல்ல கதை.

தாளில் இருந்தால்தான் இசை

வாத்தியம் வாசிப்பதற்குப் பரீட்சை வைத்து சான்றிதழ் கொடுக்கும் வழக்கத்தை இங்கிலாந்து விக்டோரியா மகாராணி காலத்தில் பெரிய அளவில் தொடங்கியது. லண்டன் டிரினிட்டி கல்லூரி 1872ல் ஆரம்பிக்கப்பட்டது. 1877ல் தன்னிடம் படிக்காதவர்களுக்கும் தேர்வு நடத்தத் தொடங்கியது. 1889ல் ராயல் அகாடமியும் ராயல் காலேஜும் சேர்ந்து இன்னொரு தேர்வு அமைப்பை உருவாக்கின. இன்று ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்று உலகமெங்கும் தெரிந்தது அதுதான்.

இந்தத் தேர்வுகளின் அடிப்படை என்ன? ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் உள்ள உருப்படிகள் அச்சிட்ட ஸ்வரத் தாளாக இருக்கும். மாணவன் அதைப் பார்த்துப் பழகி வாசிப்பான், தேர்வாளர் மதிப்பெண் போடுவார். பெயர் தெரிந்த ஒரு கம்போசர், அச்சில் வந்த ஒரு தாள், தனியாக வாசிக்கும் ஒருவர்... இந்த மூன்றும் இருந்தால் எல்லாம் சரியாக ஓடும். பேஸ் கிடாரிடம் மூன்றில் ஒன்றும் இல்லை!

1951ல் பிறந்த குழந்தை

அதற்கு முன்பு மேற்கத்திய குழுக்களில் மந்திர ஸ்வரங்களை வாசித்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் பிரம்மாண்டமான மர வாத்தியம். காரில் ஏற்றுவது கஷ்டம், டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்து முழங்கும்போது அதன் சத்தம் கேட்பது அதைவிடக் கஷ்டம். சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே ஒரு மின்சார பேஸைச் செய்து பார்த்தார், பெரிதாக விற்கவில்லை. கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951ல் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்'தான் உலகத்தை மாற்றியது. தோளில் மாட்டிக்கொள்ளலாம். ஆம்ப்ளிஃபயரில் செருகலாம். ஃபிரெட் கம்பிகள் இருப்பதால் ஸ்வரம் துல்லியமாக விழும், 'பிரிசிஷன்' என்ற பெயரே அதற்காகத்தான்.

கவனியுங்கள். இது ஒரு வேலைக்கான கருவி. குழுவுக்கு அடித்தளம் போடுவதுதான் அந்த வேலை. இதற்காக யாரும் சொனாட்டா எழுதவில்லை. கிடார் வாசிக்கத் தெரிந்தவர்களும் டபுள் பேஸ்காரர்களும் இதை எடுத்துக்கொண்டு போய், பாட்டுக்குத் தகுந்த மாதிரி அந்த நிமிடத்தில் என்ன தோன்றுகிறதோ அதை வாசித்தார்கள். தாளில் பல சமயம் கார்டு பெயர்கள் மட்டும்தான் இருக்கும். மற்றதெல்லாம் விரலில் இருந்தது.

பெயர் போடாத மேதை

இந்தக் கதையின் நாயகன் ஜேம்ஸ் ஜேமர்சன். பிறந்தது 1936. டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கம்பெனியில் 1959 முதல் பேஸ் வாசித்தவர். ஒரு சாதாரண வீட்டில் அமைத்த அந்த ஸ்டுடியோவில் இருந்துதான் ஸ்டீவி வொண்டர், சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ் எல்லோரும் ஹிட்டுக்கு மேல் ஹிட்டாகக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஓடுவது ஜேமர்சனின் வலது கை ஆள்காட்டி விரல். ஆமாம், ஒரே ஒரு விரல்! சக கலைஞர்கள் அதற்கு 'கொக்கி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

1967ல் வந்த 'பெர்னடெட்', 1968ல் வந்த 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' இரண்டையும் பேஸை மட்டும் கவனித்துக் கேட்டுப் பாருங்கள். பாடகர் ஒரு பக்கம் பாடிக்கொண்டிருக்க, அடியில் இன்னொரு பாட்டே நடக்கும். நம் ஊரில் நல்ல மிருதங்கக்காரர் பாடகரின் சங்கதிக்கு ஏற்ப மாற்றி மாற்றி வாசிப்பது போல.

ஆனால் ரெக்கார்டு உறையில் அவர் பெயர் இருக்காது. மோட்டவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயரை அப்போது அச்சிடுவதில்லை. 1971ல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் ஜேமர்சனின் பெயர் முறையாக வந்தது. அதற்குள் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. அடுத்த வருடம் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. அவரும் அங்கே போனார், பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. 1983ல் மோட்டவுன் தன் 25ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியபோது ஜேமர்சன் மேடையில் இல்லை. அதே வருடம் ஆகஸ்டில் 47 வயதில் இறந்துபோனார்.

உலகமே முணுமுணுத்த இசை அது. ஆனால் ஒரு மாணவன் "இன்னாருடைய இன்ன உருப்படியை வாசிக்கப் போகிறேன்" என்று தேர்வுப் படிவத்தில் எழுத வழியில்லை. தாளும் கிடையாது, பெயரும் கிடையாது.

முன்னால் வந்து நின்றவர்கள்

இன்னொரு பக்கம், பேஸைப் பின்வரிசையில் இருந்து இழுத்து முன்னால் நிறுத்தியவர்களும் இருந்தார்கள். 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில் 1965ல் 'மை ஜெனரேஷன்' பாட்டில் பேஸிலேயே தனி வாசித்தார். லாரி கிரஹாம் தன் அம்மாவோடு சின்னக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது டிரம்மர் இல்லாமல் போய்விட்டது. அந்தக் குறையைச் சமாளிக்க, கட்டைவிரலால் தந்தியை அடித்தும் மற்ற விரலால் சுண்டியும் டிரம்ஸ் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். 'ஸ்லாப்' முறை பிரபலமானது அவரால்தான். 1976ல் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் முதல் ஆல்பத்தில் 'போர்ட்ரெயிட் ஆஃப் டிரேசி' என்ற சிறு உருப்படியைப் பக்கத்துணையே இல்லாமல் வாசித்தார். ஹார்மோனிக்ஸ் எனப்படும் மணி போன்ற மெல்லிய ஒலிகளை வைத்தே கட்டியது. பேஸ் கிடாருக்கென்றே ஒரு தனி உருப்படி பிறந்துவிட்டது.

பாக் எழுதிய செல்லோ சூட்களை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. செல்லோவின் மிகத் தாழ்ந்த ஸ்வரமும் பேஸ் கிடாரின் எல்லைக்குள் வந்துவிடுவதால், முதல் சூட்டின் பிரிலூடை எழுதிய சுருதியிலேயே வாசிக்கலாம். பரீட்சைக்காரர்களுக்குப் பிடித்த 'பெயர் தெரிந்த கம்போசர்' கிடைத்துவிட்டார்!

கதவு திறந்தது

1988ல் ஜி.சி.எஸ்.இ. முதன்முறையாக நடந்தது. அதற்கு முந்தைய ஓ லெவல் இசைத் தேர்வில் எழுத்துக்குத்தான் எடை அதிகம். புதிய தேர்வு வாசித்தல், இசை அமைத்தல், கேட்டல் மூன்றையும் எல்லோருக்கும் பொதுவாக்கியது. எந்த வாத்தியமும், எந்தப் பாணியும் வரலாம் என்றானது.

1989ல் ஆலன் ஸ்லட்ஸ்கி என்ற கிடார்காரர் ஜேமர்சனைப் பற்றி 'ஸ்டாண்டிங் இன் த ஷாடோஸ் ஆஃப் மோட்டவுன்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். வாழ்க்கை வரலாறு பாதி, ஜேமர்சனின் பேஸ் பகுதிகளைக் காதால் கேட்டு எழுதிய ஸ்வரத் தாள்கள் மீதி. விரலில் இருந்தது தாளுக்கு வந்தது. இறந்து ஆறு வருடம் கழித்து!

1991ல் ராக்ஸ்கூல் வந்தது. கிடார், பேஸ், டிரம்ஸ் மூன்றுக்கும் ராக் இசையிலேயே கிரேடு தேர்வு. பேஸ் மட்டும் இல்லாத ஒலிப்பதிவை ஓடவிடுவார்கள், மாணவன் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். பக்கவாத்தியத்தைப் பக்கவாத்தியமாகவே பரிசோதிக்கும் நல்ல யோசனை. 2012ல் டிரினிட்டியும் ராக் அண்ட் பாப் தேர்வுகளைத் தொடங்கி பேஸுக்கு இடம் கொடுத்தது. 1877ல் தொடங்கிய வரிசையில் பேஸ் கிடாருக்கு நாற்காலி போட 135 வருடம். இன்று இத்தகைய தேர்வுகளில் 6 முதல் 8 வரையிலான கிரேடுகளுக்கு, பல்கலைக்கழகச் சேர்க்கையில் பார்க்கப்படும் யூகாஸ் புள்ளிகள்கூட உண்டு.

அப்படியானால் எதை வாசிப்பது?

வரலாறு தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபமாகிறது. பொதுவாக இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த ஹிட் என்பதற்காக ஒரு பாட்டை எடுப்பது. 1980ல் குவீன் வெளியிட்ட 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' அருமையான பேஸ்தான். ஆனால் பெரும்பாலும் ஒரே அடி திரும்பத் திரும்ப வரும். அதை வைத்து தேர்வாளரிடம் எத்தனை விஷயத்தைக் காட்ட முடியும்?

இன்னொன்று இதற்கு நேரெதிர். கடினமாக இருந்தால் மார்க் கொட்டும் என்று ஜாக்கோவின் உருப்படியை எடுத்துத் திணறுவது. எடெக்செல் ஜி.சி.எஸ்.இ.யில் கிரேடு 4 அளவுதான் 'ஸ்டாண்டர்ட்'. கடினத்துக்குக் கூடுதல் மார்க் உண்டு, தடுமாறினால் அது கைக்கு வராது.

தனி வாசிப்புக்கு பிரிலூடின் ஒரு பகுதியோ, பேஸுக்கென்றே எழுதிய உருப்படியோ போதும். சேர்ந்து வாசிக்கும் பகுதிதான் பேஸ்காரனின் சொந்த வீடு. ஒவ்வொருவரின் பகுதியும் தனித்துக் கேட்க வேண்டும், இன்னொருவர் அதையே இரட்டிப்பாக வாசிக்கக் கூடாது என்பது விதி. குழுவில் பேஸை இரட்டிக்க யார் இருக்கிறார்கள்? அங்கே 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' போன்ற ஒன்றை நிதானமான வேகத்தில் வாசித்தால் தாளம், தொனி, மற்றவர்களைக் கேட்டு வாசிக்கும் பக்குவம் எல்லாமே வெளியே வரும். அந்த வாத்தியம் எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்து மார்க் வாங்கியதாகவும் இருக்கும்.

பரீட்சைப் பட்டியலில் ஒரு பெயர் ஏறுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் பன்னிரண்டு வருடம் உறையில் பெயர் வராத ஒருவரின் பேஸை இன்று ஒரு பள்ளி மாணவன் படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம், பக்கத்திலேயே "பேஸ்: ஜேம்ஸ் ஜேமர்சன்" என்றும் சேர்க்கலாம். அதற்குத் தனியாக மார்க் கிடையாது. இருந்தாலும் எழுதலாம்.