எலிசபெத் பென்னட்டின் மனமாற்றம்: 36ஆம் அத்தியாயத்தின் மறுவாசிப்பு

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' (1813) நாவலில் டார்சியைப் பற்றி எலிசபெத்துக்கு இருந்த தப்பெண்ணத்தை உடைப்பவை, அவனை மணக்க அவள் மறுத்தபின் அவன் எழுதும் கடிதம் தரும் புதிய தகவல்களே என்ற கருத்து உண்டு. உண்மை தெரியாதவரை தவறாக எண்ணினாள், தெரிந்ததும் திருந்தினாள் என்பது அதன் சாரம். 36ஆம் அத்தியாயம் இந்த முடிவுக்கு இடம் தரவில்லை.

கடிதத்தில் புதிய செய்திகள் உண்டு. திருச்சபைப் பதவிக்கு ஈடாகப் படை அதிகாரி விக்கம் டார்சியிடம் 3,000 பவுண்டு பெற்றுக்கொண்டதும், டார்சியின் தங்கையான பதினைந்து வயது ஜார்ஜியானாவை மயக்கி உடன்போக்குக்கு இணங்கவைத்ததும் எலிசபெத் அறியாதவை. ஆனால் படித்த மாத்திரத்தில் அவள் எதையும் நம்பிவிடவில்லை. டார்சி, விக்கம் இரு தரப்பிலும் இருப்பது வெறும் வாய்மொழியே என்று கடிதத்தைக் கீழே வைக்கிறாள். டார்சியின் உறவினர் கர்னல் ஃபிட்ஸ்வில்லியமிடம் கேட்டுத் தெளியலாம் என்ற எண்ணம் எழுகிறது, அதையும் கைவிடுகிறாள்.

அதன்பின் அவள் புரட்டுவது தன் நினைவுகளை. அறிமுகமான சில நாட்களிலேயே, முன்பின் பழகாத ஒரு பெண்ணிடம் டார்சி தனக்கு அநீதி இழைத்தான் என்ற கதையை விக்கம் கொட்டியது முறையா? டார்சியைச் சந்திக்க அஞ்சேன் என்று வீரம் பேசியவன் நெதர்ஃபீல்ட் மாளிகை நடனத்துக்கு ஏன் வரவில்லை? அங்கே குடியிருந்த, டார்சியின் நண்பன் பிங்லியின் குடும்பம் ஊரைவிட்டுப் போகும்வரை அவளிடம் மட்டும் சொன்ன கதையைப் பிறகு ஊரெல்லாம் பரப்பியது ஏன்? அக்கா ஜேன் பிங்லி மீதான தன் அன்பை வெளிக்காட்டுவதில்லை என்று தோழி ஷார்லெட் எப்போதோ சொன்னதும் இப்போதுதான் உறைக்கிறது. இவற்றில் ஒன்றுகூட டார்சி தந்த தகவல் அன்று. எல்லாம் அவள் கண்முன் நடந்தவை, அவள் காதால் கேட்டவை.

மனிதரை எடைபோடுவதில் தான் தேர்ந்தவள் என்ற பெருமிதம் எலிசபெத்தின் குணத்தில் ஆழமாக ஊறியது. விக்கம் அவளைக் கவனித்தான், டார்சி அலட்சியப்படுத்தினான்; அந்தப் பெருமிதம் அதற்கேற்பத் தீர்ப்பெழுதியது. அவளை வெட்கப்படவைப்பது அறியாமை அன்று, அறிந்தவற்றை நிறுத்துப் பார்க்காமை. ஒரு தப்பெண்ணம் போய் டார்சிக்குச் சாதகமான இன்னொன்று வந்தது என்பாரும் உண்டு. அடுத்த அத்தியாயத்திலும் அவனை மணக்க மறுத்ததற்காக அவள் வருந்தவில்லை என்பதே அதற்குப் போதிய பதில்.

எனினும் அவளுடைய அறவளர்ச்சி இந்த அத்தியாயத்திலேயே முழுமை பெறுகிறது என்பது மிகை. 40ஆம் அத்தியாயத்தில் ஜேனும் எலிசபெத்தும் விக்கமின் குணத்தை வெளியிடுவதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். டார்சியின் அனுமதி இல்லை, மெரிட்டன் ஊரார் நம்பமாட்டார்கள், விக்கமும் சீக்கிரம் போய்விடுவான் என்பவை காரணங்கள். கடைசித் தங்கை லிடியாவை பிரைட்டனுக்கு அனுப்ப வேண்டாம் என்று தந்தையிடம் வாதாடும்போதும், தன் படைப்பிரிவோடு அங்கே போகும் விக்கமைப் பற்றி எலிசபெத் வாய் திறக்கவில்லை. ஜார்ஜியானாவின் மானம் காக்கவே இந்த மௌனம் என்ற விளக்கம் நிற்காது. கொஞ்சமாவது வீட்டாரிடம் சொல்லியிருக்கலாமே என்று 46ஆம் அத்தியாயத்தில் டார்சியின் முன்னிலையில் அவளே கலங்குகிறாள். அதற்குள் லிடியா விக்கமோடு ஓடிப்போயிருந்தாள்.

தன்னைச் சரியாகக் கணிக்கக் கற்றவள், அந்த அறிவைப் பிறர் நலனுக்குப் பயன்படுத்த இன்னும் கற்கவில்லை. எலிசபெத்தின் அறவளர்ச்சியைப் பேசும் ஆய்வு 36ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிடாமல் 46 வரை தொடர வேண்டும்.