கைமரமும் உராய்வும்: திருவனந்தபுரத்துக் கூரையில் ஒரு நிலையியல் வரலாறு

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி நிற்கும் குதிரைமாளிகை சுவாதித் திருநாள் (ஆட்சிக்காலம் 1829–1846) கட்டியது. இறவாரத்தின் கீழ் வரிசையாகச் செதுக்கப்பட்ட 122 மரக்குதிரைகளைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். இக்கட்டுரைக்கு வேண்டியவை அவற்றின் மேலே உள்ள கைமரங்கள். கேரளத்து மரக்கூரையில் எதிரெதிர்க் கைமரங்கள் முகட்டில் சந்திக்கின்றன. கீழே சுவர் உத்திரத்தில் அமர்கின்றன. பொறியியல் முதலாண்டுத் தேர்வில் ‘உச்சியில் கீலால் இணைந்த இரு சட்டங்கள் சொரசொரப்பான தளத்தில் நிற்கின்றன’ என்று வரும் கணக்கின் முழு உருவம் இதுதான். அதைத் தச்சர் ஒரு விதமாகத் தீர்த்தார், கல்லூரி வேறு விதமாகத் தீர்த்தது.

தச்சரின் வழி விகிதம். பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் எழுதிய ‘மனுஷ்யாலய சந்திரிகை’ வீட்டின் சுற்றளவிலிருந்து மற்ற அளவுகளைப் பெறச் சொல்கிறது. விசை என்ற கருத்துக்கு அதில் இடமில்லை. இதைக் குறையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் எடையை மட்டும் சுமக்கும் கூரை வழுக்குமா நிற்குமா என்பதைத் தீர்மானிப்பவை, மரத்தின் சொரசொரப்பைத் தவிர, சாய்கோணமும் நீளங்களின் விகிதமும்தான். வீட்டை இருமடங்காக்கினாலும் அந்த விடை மாறாது. ஆகவே சமநிலையைப் பொறுத்தவரை விகித விதி போதும். மரம் முறியுமா என்பது வேறு கேள்வி. அங்கே அளவு பெருகினால் ஆபத்தும் பெருகும் என்று கலிலியோ 1638-லேயே காட்டிவிட்டார்.

விசைகளைக் கொண்டு கணக்கிடும் வழி ஐரோப்பாவில் துண்டு துண்டாகச் சேர்ந்தது. உராய்வு அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று அமோந்தோன் 1699-இல் அறிவித்தார். திருப்புத்திறன்களைக் கூட்டிச் சமநிலை காணும் முறையை விளக்கிய வரிஞோனின் நூல், அவர் இறந்தபின் 1725-இல் வெளிவந்தது. பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசை 1781-இல் பெற்ற கூலும், ரோஷ்போர் துறைமுகத்தில் மரத்தின் மேல் மரத்தை வைத்துச் சோதித்தவர். மரங்கள் அசையாமல் கிடக்கும் நேரம் கூடக்கூட, நகர்த்தத் தேவையான விசையும் கூடுவதை அவர் கண்டார். கூரைக்காரருக்கு இது நல்ல செய்திதான். ஆனால் அதை நம்பி, கைமரத்தின் அடியை உத்திரத்தோடு பிணைக்கும் முளையை விட்டுவிட முடியாது: காற்று அடித்துக் கூரை அதிர்ந்தால் அந்தச் சேமிப்பு போய்விடும்.

இப்போது கணக்கு. ஒரு கைமரத்தின் எடை W, கிடைமட்டத்தோடு அதன் சாய்வு 45 பாகை என்று கொள்வோம். இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் முகட்டுக் கீலில் கிடைவிசை மட்டுமே பிறக்கும். கைமரத்தின் அடிநுனி சரியாகச் சுவரில் முடிந்தால், சுவர்ப்புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுக்கும்போது அந்தக் கிடைவிசை W/2 என்று வருகிறது. சுவர் தாங்கும் செங்குத்து விசை W. எனவே வழுக்காமல் நிற்க உராய்வுக் கெழு குறைந்தது 0.5 வேண்டும். உலர்ந்த மரத்தின் மேல் மரத்துக்குப் பாடநூல்கள் தருவது 0.25 முதல் 0.5 வரை. கூரை வழுக்கும் எல்லையில்தான் நிற்கிறது.

கைமரத்தைச் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிப் பார்ப்போம்: நீளத்தில் கால் பங்கு இறவாரம். முன்பு W ஆக இருந்த எடை இப்போது 4W/3 ஆகிறது. அப்படியிருந்தும் கிடைவிசை 0.5W-இலிருந்து 0.44W ஆக இறங்குகிறது. தேவையான கெழு 0.33 போதும். வெளியே தொங்கும் பகுதி எதிர்த்திசையில் திருப்புவதே காரணம். பாதி நீளம் வெளியே இருந்தால் கிடைவிசையே இருக்காது. ஆண்டுக்கு இரு பருவமழை பெறும் ஊரில் சுவர் நனையாமல் இருக்க நீட்டிய இறவாரம், சுவரை வெளியே தள்ளும் விசையையும் குறைத்திருக்கிறது. தச்சர் இதைத் தெரிந்தே செய்தாரா என்பதற்கு நூல் சான்று தேடுவது வீண். விகிதம் நிலைத்ததற்குக் கட்டடம் நின்றதே போதுமான காரணம்.

மன்னர் ஆயில்யம் திருநாள் காலத்தில், தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்ட்டன் வடிவமைத்த அரசுச் செயலகம் 1869-இல் எழுந்தபோது ஐரோப்பியக் கட்டுமானம் நகரின் நடுவுக்கு வந்துவிட்டது. அதன் விசைக் கணக்கு வகுப்பறைப் பாடமாக ஊன்றியது 1939-இல், கேரளத்தின் முதல் பொறியியல் கல்லூரி இங்கே தொடங்கியபோது.

வகுப்பறை முறை துல்லியமானது. ஆனால் ஒரு தவறான பழக்கத்தையும் அது வளர்க்கிறது. உராய்வு என்றதும் மாணவர் கெழுவைச் செங்குத்து விசையால் பெருக்கி விடையில் போட்டுவிடுகிறார். அந்தப் பெருக்கல் தருவது உச்சவரம்பு மட்டுமே. வழுக்கப் போகும் கணத்தில்தான் உராய்வு அதை எட்டும். மற்ற நேரத்தில் எவ்வளவு தேவையோ அவ்வளவே எழும். கைமரத்தின் அடியில் முளையும் அடித்திருந்தால், முளை எவ்வளவு தாங்குகிறது, உராய்வு எவ்வளவு தாங்குகிறது என்று சமநிலைச் சமன்பாடுகளால் பிரிக்கவே முடியாது.

குதிரைகளும் இதே சிக்கலைத் தருகின்றன. இறவாரத்துக்கு முட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு குதிரையும் கைமரத்துக்கு இன்னொரு தாங்குபுள்ளி. அதோடு தெரியாத விசைகள் சமன்பாடுகளின் எண்ணிக்கையைத் தாண்டிவிடுகின்றன. மரம் எவ்வளவு வளைகிறது என்பதையும் சேர்த்தாக வேண்டும். அதுவும் முழு விடை தராது: பொருத்தும்போது ஒரு நூல் இடைவெளி விட்டிருந்தால் குதிரை வெறும் அலங்காரம், இறுக்கி அடித்திருந்தால் அது சுமை தாங்கும் உறுப்பு.