முடிசூட்டு ஆண்டின் சர்க்கரை

1953ஐ பிரிட்டன் இரண்டாம் எலிசபெத் முடிசூடிய ஆண்டாகவே நினைவுகூர்கிறது. அடுக்களைக் கணக்கில் அது இரண்டாம் உலகப் போர்க்கால உணவுப் பங்கீடு தளர்ந்த ஆண்டு என்பதே பொருத்தம். ஜனவரி இறுதியில் வடகடல் பொங்கி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அந்த ஈரம் காயுமுன், பிப்ரவரியில் மிட்டாய்க்கான பங்கீடு நீங்கியது. சர்க்கரைக்கோ செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். ஜூன் 2 விழாவுக்கு அரசு தந்த சலுகைகளில் ஒன்று, ஆளுக்கு ஒரு பவுண்டு கூடுதல் சர்க்கரை. போரில் வென்ற நாட்டின் நிலை அது!

சுமார் 2 கோடிப் பேர் விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தார்களே, அது வளத்தின் அடையாளம் இல்லையா என்று கேட்கலாம். ஆனால் நாட்டில் இருந்த பெட்டிகள் 30 லட்சத்தைக்கூட எட்டவில்லை. பாதிக்கும் மேற்பட்டோர் பார்த்தது பிறர் வீட்டுக் கூடங்களில். மகிழ்ச்சி பொய்யில்லை, வளம்தான் வந்து சேரவில்லை. இறைச்சிப் பங்கீடு முடிய 1954 ஜூலை ஆயிற்று.