பெற்றவளும் வளர்த்தவளும்: கிள்ளான் வட்டாரத்தில் பிள்ளை உரிமையின் வரலாறு

கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குக் குடியேறிய தமிழர் எழுப்பியது. அத்தகைய வைணவக் கோயில்களில் போற்றப்படும் கண்ணன் கதையில் தாயர் இருவர். ஒருத்தி அரச குலத்தவள். பெற்றாள், ஆனால் வளர்க்கும் பேறு பெற்றாளில்லை. மற்றொருத்தி ஆயர் குலத்தவள். பெற்றாளில்லை, ஆனால் பாலூட்டித் தாலாட்டினாள். பெரியாழ்வார் யசோதையாகி நின்று பாடினார். குலசேகராழ்வாரோ, மகனின் பிள்ளைப் பருவத்தைக் காணாத தேவகியின் புலம்பலைப் பாடினார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதை உணர்ந்தே தமிழ் இவ்விரு குரலுக்கும் இடமளித்தது போலும். வடமதுரையிலிருந்து அக்குரூரர் தேருடன் ஆயர்பாடிக்கு வந்த நாளில், செல்வமும் குலப்பெருமையும் உடைய சுற்றம் பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்ற அச்சம் யசோதையைப் பற்றியது. அதே அச்சத்தைக் கிள்ளான் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தாய்மாரும் அறிந்திருந்தனர்.

அவர்கள் அச்சத்திற்குக் காரணம் ஏழ்மை மட்டுமன்று. கையில் பத்திரம் இல்லாமையே பெருங்காரணம். தோட்டத் திருமணங்களிற் பல கோயிலில் தாலி கட்டியதோடு நிறைவுற்றன. பதிவேட்டில் ஏறியவை சிலவே. கணவனின் சுற்றம் தமிழகத்து ஊரிலோ, தொலைவிலுள்ள வேறொரு தோட்டத்திலோ இருந்தது. உறவினர் வந்து போவதே எளிதன்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நோக்கினால் இது விளங்கும். தமிழ் நேசன் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஆர். எச். நாதன் ஊக்குவித்த கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம், கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. பெண்டிரின் மானம் காக்கப்பட வேண்டும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து காண வேண்டும் என்றும் கேட்டது. நாதன் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். இக்கிளர்ச்சியைக் கூலிப் போராட்டம் என்று மட்டும் சொல்லிவிடுவது அதன் பாதியை மறைப்பதாகும்.

அடுத்த ஆண்டிலேயே சப்பானியர் ஆட்சி வந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க மலாயாவிலிருந்து 70,000க்கு மேற்பட்ட ஆசியத் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பல பதினாயிரவர் காலராவாலும் பசியாலும் மாண்டனர். லயங்களில் எஞ்சியோர் தந்தை இல்லாப் பிள்ளைகளும் துணை இல்லாத் தாய்மாருமே. சில பிள்ளைகளுக்குத் தாயும் இல்லை. போரில் பெற்றோரை இழந்த இத்தகையோரைப் பேணும் நோக்குடன் சுவாமி சத்தியானந்தா 1949இல் கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவினார். எனினும் இல்லத்திற்குச் சென்ற பிள்ளைகளைவிட, அண்டை வீட்டு அடுப்படியில் வளர்ந்த பிள்ளைகளே மிகுதி எனலாம். கேட்பாரும் இல்லை, எழுதிக் கொடுப்பாரும் இல்லை. பசித்த வாய்க்குச் சோறிட்டவளே தாயானாள்.

இவர்களுடன் இன்னொரு கூட்டமும் சேர்ந்தது. வறுமையாலும், பிறந்த ஆண்டின் சகுனம் தீதென்ற நம்பிக்கையாலும், ஆண் மக்கள் மீதுள்ள பற்றாலும் சீனக் குடும்பங்கள் சில தம் பெண் மகவைப் பிறரிடம் கொடுத்தன. அம்மகவுகளைத் தமிழ்த் தாய்மார் ஏற்றனர். பொட்டும் பூவும் சேலையுமாக, தமிழே தாய்மொழியாக அவர்கள் வளர்ந்தனர். மலாயாத் தமிழர் வாழ்வின் மிக இனிய ஏடுகளுள் இது ஒன்று.

ஆயினும் சட்டத்தின் கண்ணில் அத்தாய் யார்? இங்கே ஒரு முரண் உண்டு. பழைய இந்துச் சட்டப்படி பொதுவாக ஆண் மகவையே தத்தெடுக்கலாம். பெண்ணைத் தத்தெடுப்பதற்கு அதில் இடமில்லை. நீர்க்கடன் செய்யவும் குலம் தழைக்கவும் மகன் வேண்டும் என்பதே தத்தின் நோக்கமாகக் கருதப்பட்டது. பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் உரிமையும் முதற்கண் தந்தையுடையதே. இந்தியாவில் பெண் மகவைத் தத்தெடுக்க 1956ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. ஆகவே மலாயாவில் எந்தப் பிள்ளைகள் மிகுதியாகக் கைமாறினவோ, அந்தப் பெண் பிள்ளைகளுக்கே மரபுச் சட்டத்தில் பெயர் இல்லை. வளர்த்தவள் ஒவ்வொரு நாளும் வாசலை நோக்கி அஞ்சியதில் வியப்பென்ன?

அவ்வச்சம் வீணன்று என்பதை 1950ஆம் ஆண்டு சிங்கப்பூர் வழக்கு காட்டியது. டச்சுப் படையில் பணியாற்றிய ஒருவரின் மகளான மரியா ஹெர்டோக், 1937இல் சாவகத்தில் பிறந்தவள். தந்தை சப்பானியரிடம் போர்க்கைதியானபின், 1942இல் அமினா என்ற பெண்மணியின் கைக்கு வந்தாள். நத்ரா என்ற பெயருடன் முஸ்லிமாக வளர்ந்து, பின்னர் திரெங்கானுவின் கெமாமானில் அவருடன் வாழ்ந்தாள். சில நாளைக்கே குழந்தையை விட்டுச் சென்றதாகப் பெற்ற தாய் கூறினார். மகளாகவே கொடுத்துவிட்டதாக அமினா கூறினார். இரண்டையும் ஐயமின்றித் தீர்த்துவைக்கும் பத்திரம் இல்லை. பெற்றோர் பக்கம் டச்சுத் தூதரகம் நின்றது. ஜூலையில் மேல்முறையீட்டில் அமினா வென்றார். ஆகஸ்டில் பதின்மூன்று வயதிலேயே நத்ராவுக்குத் திருமணம் நடந்தது. டிசம்பர் 2இல் அத்திருமணம் செல்லாதென்று கூறிய நீதிமன்றம், சிறுமியைப் பெற்றோரிடம் ஒப்படைத்தது. டிசம்பர் 11இல் மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். அமினாவுக்காகக் கிளர்ந்தவர்களுள் மலாயா நண்பன் என்ற தமிழ் நாளேட்டோடு தொடர்புடைய கரீம் கனி முதன்மையானவர். சமயப் பூசலாகவே இவ்வழக்கு நினைவுகூரப்படுகிறது. அதன் அடியில் பத்திரமில்லாத் தாய் ஒருத்தியின் இழப்பு கிடப்பதைப் பலர் மறந்தனர்.

மலாயாவில் 1952ஆம் ஆண்டு தத்துப் பற்றிய இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று நீதிமன்ற வழி: ஆணை பிறந்தபின் பிள்ளை வளர்ப்போர்க்கே பிறந்த பிள்ளையாகக் கொள்ளப்படும், பெற்றோரின் உரிமை நீங்கும். முஸ்லிம்கள் இதற்குட்படார். மற்றொன்று பதிவு வழி: 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஈராண்டேனும் இடைவிடாது தன் பிள்ளை போல் வளர்த்தவர் பதிவாளரிடம் சென்று பதியலாம். நீதிமன்றம் ஏற அஞ்சிய எளியோர்க்கு இது எளிய வழி. ஆனால் இதனால் காவலுரிமை உறுதிப்படுமேயன்றி, முதல் வழியைப் போல வாரிசுரிமை கிட்டாது. இவ்வேறுபாட்டை அறியாமல் பதிவோடு நின்றுவிட்ட குடும்பங்களில், வளர்த்தவர் மறைந்தபின் சொத்துக்காகச் சுற்றத்தார் வருவதற்கு வாயில் திறந்தே இருந்தது.

பெற்ற தாயின் நிலையும் உயர்ந்ததன்று. 1961ஆம் ஆண்டுச் சிறார் காப்பாளர் சட்டம் தந்தையையே காப்பாளராக்கியது. பிள்ளையின் நலம் கருதித் தாயிடம் விட நீதிமன்றத்திற்கு அதிகாரம் இருந்தது உண்மையே. எனினும் அது தாய் வேண்டிப் பெற வேண்டிய சலுகையேயன்றி அவளுடன் பிறந்த உரிமையன்று. 1976இல் நிறைவேறி 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம், முஸ்லிம் அல்லாதார் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நலம் என்று அது முதற்கண் கொள்கிறது. மறுப்பவரே காரணம் காட்ட வேண்டும். தாய் தந்தையரல்லாத பிற உறவினரிடம் பிள்ளையை ஒப்படைப்பது விதிவிலக்கான நிலையில் மட்டுமே. பழகிய இடத்திலிருந்து பிள்ளையைப் பெயர்ப்பது விரும்பத்தக்கதன்று என்பதையும் நீதிமன்றம் கருத வேண்டும். மாளிகை இருக்கிறது, வண்டி இருக்கிறது என்று வரும் சுற்றத்தார்க்கு இது தக்க விடை.

1999ஆம் ஆண்டுத் திருத்தம் தாய்க்கும் தந்தைக்கும் காப்பாளர் உரிமையைச் சமமாக்கியது. அதே ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றமும் இப்பொருளில் ஒரு தீர்ப்பு வழங்கியது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் கடன் பத்திரம் வாங்கக் காப்பாளராகக் கையெழுத்திட்டார். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. தந்தையும், அவருக்குப் 'பின்' தாயும் காப்பாளர் என்று சட்டம் கூறியதே இடர். 'பின்' என்பதற்கு 'இறந்த பின்' என்று பொருளன்று, 'அவர் பொறுப்பில் இல்லாத நிலையில்' என்பதே பொருள் என்று நீதிமன்றம் உரை கண்டது.